ராத்திரி 9 மணி சாப்பாடும் உங்க சேமிப்பும்: ஒரு தட்டு ரசம் சாதத்தின் கணக்கு



சம்பளம் வாங்க ஆரம்பிச்சு ரெண்டு மூணு வருஷம் ஆன பல பேர் என்கிட்ட கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "பெருசா எதுவும் வாங்கல சார், ஆனா 20-ம் தேதிக்கு மேல கையில காசு நிக்கல. எங்க போகுது?" இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்துல கேட்டவன். பதில் என் ராத்திரிச் சாப்பாட்டுல இருந்தது. அதைத்தான் இன்னைக்குப் பாடமா எடுத்துக்கப் போறோம்.

முதல்ல என் கதை. எங்க வீடு காட்பாடி. அப்பா ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில கணக்கு எழுதினவர். ஆர்டர் குறைஞ்சா சம்பளம் தள்ளிப் போகும். அந்த நாட்கள்ல வீட்ல கேழ்வரகு களியும் கீரைக் கடையலும், இல்லன்னா மிளகு ரசமும் சுட்ட அப்பளமும் இருக்கும். அது பணம் இல்லாத வாரத்துச் சாப்பாடுன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. எனக்குப் பிடிச்சதே அதுதான்.

சி.ஏ. முடிச்சு சென்னையில வேலைக்குச் சேர்ந்தேன். ராத்திரி 9 மணிக்கு அம்மா போன் பண்ணி "என்னடா சாப்ட்ட?"ன்னு கேட்பாங்க. நான் டெலிவரி பையனுக்கு வழி சொல்லிக்கிட்டே "சாதம், குழம்பும்மா"ன்னு சொல்லிடுவேன்.

2018-ல ஒருநாள் அப்பாவை வேலூர்ல ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. உடனே ரூ.25,000 கட்டணும். என் சேமிப்புக் கணக்குல ரூ.3,100. கிரெடிட் கார்டுல ரூ.30,000 பாக்கி. அம்மா ஒண்ணும் பேசல. மாசம் ரூ.500 போட்டு அப்பத்தான் முதிர்வான போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. பணம், ரூ.37,000 சொச்சம், எடுத்துட்டு வந்து கட்டினாங்க. அஞ்சு வருஷம் சமையல் செலவுல மிச்சம் பிடிச்ச காசு அது. ஊருக்கெல்லாம் கணக்குத் தணிக்கை பண்ற நான், அவங்க பக்கத்துல சும்மா நின்னுக்கிட்டு இருந்தேன்.

அப்பா ஒரு வாரத்துல வீட்டுக்கு வந்துட்டார். நான் என் பேங்க் ஸ்டேட்மென்ட்டை ஒரு கிளையன்ட்டோட கணக்கு மாதிரி எடுத்து வெச்சு ஆடிட் பண்ணேன். மூணு விஷயம் தெரிஞ்சது.

1. மாசத்துக்கு சுமார் 20 ராத்திரி வெளிச் சாப்பாடு.
2. ஆர்டர் போட்ட நேரம் பெரும்பாலும் 9 மணிக்கு மேல. அதாவது பசியை விட அசதிதான் காரணம்.
3. நான் நிஜமா ஏங்கின சாப்பாடு, அதாவது ரசம், தயிர் சாதம், களி, எதுவுமே அந்த லிஸ்ட்ல இல்ல. பிடிச்சதைச் சாப்பிடவும் இல்ல, காசும் மிஞ்சல.

ஊரே இப்படித்தானா?

மத்திய அரசின் 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பைப் பாருங்க. நகர்ப்புற இந்தியாவுல ஒருத்தருக்குச் சராசரி மாதச் செலவு ரூ.6,996. அதுல கிட்டத்தட்ட 40% உணவு. உணவுக்குள்ளேயே பெரிய பங்கு அரிசிக்கோ பாலுக்கோ காய்கறிக்கோ இல்ல. பானங்கள், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவு அடங்கிய பிரிவுக்கு. மொத்தச் செலவுல சுமார் 11%, அதாவது ஆளுக்கு ரூ.775 அளவு. குழந்தைகள், வயசானவங்க எல்லாரையும் சேர்த்த சராசரி இது. ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற ஒரு ஆளுக்கு இது எவ்வளவு ஏறும்னு நீங்களே உங்க ஆப்ல பார்த்துக்கோங்க.

ஒரு தட்டின் கணக்கு

வீட்ல ரசம் சாதம், அப்பளம், ஒரு முட்டை. ஒருத்தருக்கு, எங்க வீட்டு விலையில:

- அரிசி 100 கிராம்: ரூ.6
- பருப்பு 30 கிராம்: ரூ.4
- தக்காளி, புளி, பூண்டு, மிளகு, சீரகம், கொத்தமல்லி: ரூ.10
- எண்ணெய், நெய்: ரூ.5
- அப்பளம் 2: ரூ.4
- முட்டை: ரூ.7
- கேஸ்: ரூ.7

மொத்தம் ரூ.43.

அதே ராத்திரி ஆப்ல ரூ.160 ஐட்டம் ஒண்ணு ஆர்டர் போடுறோம்னு வைங்க. பேக்கிங் ரூ.15. ரெண்டுக்கும் 5% ஜி.எஸ்.டி. ரூ.8.75. டெலிவரி ரூ.30, பிளாட்பார்ம் கட்டணம் ரூ.12. இந்த ரெண்டுக்கும் 18% ஜி.எஸ்.டி. ரூ.7.56. (ஆப் வழியா வர்ற டெலிவரி கட்டணத்துக்கு 18% வரி 2025 செப்டம்பர் 22-ல் இருந்து.) மொத்தம் ரூ.233. 160-ன்னு நினைச்சு விரலை வெச்சோம், 73 ரூபாய் கூடப் போயிடுச்சு.

வித்தியாசம் ஒரு ராத்திரிக்கு ரூ.190. 20 ராத்திரியை 8-ஆகக் குறைச்சா 12 × 190 = ரூ.2,280. வருஷத்துக்கு ரூ.27,360. அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்கிட்ட இல்லாத தொகை இதுதான்.

"ஆனா சார்..."ன்னு நீங்க கேட்கப் போற மூணு கேள்வி

*பாத்திரம், அடுப்பு வாங்கணுமே?* இண்டக்‌ஷன் அடுப்பு, சின்ன குக்கர், மிக்ஸி எல்லாம் சேர்த்து ரூ.5,000-ன்னு வைங்க. 190-ஆல வகுத்தா 27 ராத்திரியில முதல் திரும்பிடும். மாசம் 12 ராத்திரி சமைச்சாலும் மூணு மாசத்துக்குள்ள.

*என் நேரத்துக்கு மதிப்பு இல்லையா?* இருக்கு. ஆனா ராத்திரி 9 மணிக்கு அந்த அரை மணி நேரத்துக்கு உங்களுக்கு யாராவது சம்பளம் தர்றாங்களா? ஓவர்டைம் கிடைக்குதுன்னாலோ, பரீட்சைக்குப் படிக்கிறீங்கன்னாலோ தாராளமா ஆர்டர் போடுங்க. ரீல்ஸ் பார்க்கிற அரை மணியை 200 ரூபாய்னு கணக்குல எழுதாதீங்க.

*காய்கறி வாங்கி அழுகிப் போகுதே?* இது நியாயமான கேள்வி. புளிச்சுப் போய்க் கொட்டுற மாவு பாக்கெட்டும் செலவுதான். சீக்கிரம் கெடாத பொருள்ல ஆரம்பிங்க: அரிசி, பருப்பு, புளி, கேழ்வரகு மாவு, அப்பளம், ஊறுகாய். காயை ரெண்டு நாளைக்கு மட்டும் வாங்குங்க.

கார்டுல பாக்கி இருந்தா கணக்கே வேற

இதைக் கவனமாப் படிங்க. கார்டு பில்லுல மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு பாக்கியைத் தள்ளினா, புதுசா தேய்க்கிற தொகைக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது. அன்னைக்குச் சாப்பிட்ட பரோட்டாவுக்கு அன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். பல கார்டுகள்ல வட்டி மாசம் 3.5% அளவு. ரூ.30,000 பாக்கிக்கு வட்டி ரூ.1,050, அதுமேல ஜி.எஸ்.டி. ரூ.189. மொத்தம் ரூ.1,239. கிட்டத்தட்ட 29 தட்டு ரசம் சாதம்! அதனால மிச்சமாகிற ரூ.2,280 முதல்ல கார்டு பாக்கிக்குப் போகணும். அது தீர்ந்ததும் மூணு மாசச் செலவு அளவுக்கு அவசரகால நிதி. அதுக்கப்புறம்தான் எஸ்.ஐ.பி. பத்து வருஷம், ஆண்டுக்கு 10%-ன்னு ஒரு பேச்சுக்கு வெச்சா, போட்ட ரூ.2.74 லட்சம் சுமார் ரூ.4.67 லட்சம் ஆகும். சந்தை இதுக்கு உத்தரவாதம் தராது, குறையவும் செய்யும். அதனாலதான் இது கடைசி படி.

நான் இன்னைக்கும் பண்றது

நாலு சாப்பாட்டை மட்டும் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கேன்: ரசம் சாதம், தயிர் சாதம், களியும் கீரையும், தோசையும் வேர்க்கடலைச் சட்னியும். எதுக்கும் அரை மணிக்கு மேல ஆகக்கூடாது. ஞாயித்துக்கிழமை ரசப்பொடி அரைச்சு, புளி கரைச்சு, பூண்டு உரிச்சு வெச்சிடுவேன். அசதியா வர்ற ராத்திரியில யோசிக்கிற வேலையே இருக்காது. ஆர்டர் போட வெச்சதே அந்த "என்ன பண்றது?"ங்கிற யோசனைதான்.

பிரியாணியை விடச் சொல்லல! எங்க ஊர்க்காரன் அப்படிச் சொன்னா ஊருக்குள்ள விட மாட்டாங்க. ஆம்பூர் சீரகச் சம்பா பிரியாணி, கூட எண்ணெய்க் கத்தரிக்காய், அதுவும் 2023-ல புவிசார் குறியீடு வாங்கின வேலூர் முள்ளு கத்தரிக்காயா இருந்தா, அந்தக் காசு வீண் இல்ல. மாசத்துக்கு 8 வெளிச் சாப்பாடுன்னு பட்ஜெட்லயே எழுதிடுங்க. பிடிச்சு, உட்கார்ந்து, ஆளோட சாப்பிடுங்க.

இந்த வார வீட்டுப்பாடம்

1. போன மாச யு.பி.ஐ., கார்டு ஸ்டேட்மென்ட்ல சாப்பாட்டுச் செலவை மட்டும் தனியா கூட்டுங்க.
2. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஆர்டர் போட்ட நேரத்தை எழுதுங்க. அப்புறம் "பிடிச்சது" அல்லது "அசதி"ன்னு குறிங்க.
3. "அசதி" ஐட்டங்களோட கூட்டுத்தொகையில பாதியை, சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்குக்கு மாத்துங்க. மாசக் கடைசியில மிச்சம் பார்த்து மாத்தலாம்னு இருந்தா மாத்த மாட்டீங்க.
4. உங்க நாலு சாப்பாட்டு லிஸ்ட்டை எழுதுங்க. அளவு தெரியலன்னா அம்மாவுக்கோ பாட்டிக்கோ போன் போடுங்க.

நான் அப்படித்தான் பண்ணேன். ரசத்துக்கு எவ்வளவு புளின்னு கேட்டேன். "எலுமிச்சங்கா அளவு உனக்கு ஜாஸ்தி, ஒரு ஆளுக்கு அதுல கால்வாசி போதும்"னு சொல்லிட்டு, "அப்ப இத்தனை நாளா சாதம் குழம்புன்னு சொன்னியே?"ன்னு கேட்டாங்க. அதுக்கு மட்டும் என்கிட்ட கணக்கு இல்ல.

அடுத்த வீடியோவுல அவசரகால நிதியை எங்க வைக்கிறது, ஆர்.டி.யா, லிக்விட் ஃபண்டான்னு பார்க்கலாம்.