சிற்றிதழை இணையத்துக்கு மாற்றுவது எப்படி: தளத்தைக் கடைசியில் கட்டுங்கள்

அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போகலாம் என்று முடிவெடுக்கும் சிற்றிதழ்காரர்கள் முதலில் கேட்பது, "தளத்துக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. பெயரைப் பதிவு செய்து, வேர்ட்பிரஸ் நிறுவி, அட்டையை ஏற்றுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால் அரை ஞாயிறு. மாதக்கணக்கில் இழுப்பது வேறு: பேஜ்மேக்கரில் கிடக்கும் பழைய இதழ்களும் நோட்டுப் புத்தகத்தில் கிடக்கும் சந்தாதாரர் முகவரிகளும்.

தில்லிக்குத் தமிழ்ச் சிற்றிதழ் புதிதல்ல. கஸ்தூரிரங்கன் 1965இல் கணையாழியைத் தொடங்கியது இங்கேதான். வடக்கு வாசலும் இங்கிருந்து வந்ததுதான். பெரிய பத்திரிகைகளில், 1941இல் பிறந்த கல்கி 2020 பொதுமுடக்கத்தோடு அச்சை விட்டு இணையத்துக்கு மாறியது. அவர்களுக்கு அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். நான் எழுதுவது லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்ட பிறகு மெய்ப்புப் பார்க்கும் ஆசிரியருக்காக. இலக்கிய இதழோ, சங்கத்தின் செய்தி மடலோ, படகு ஓட்டுகிறவர்களுக்கு நடத்தும் துறை இதழோ, ஐந்நூறு அறுநூறு படி அச்சிடும் எல்லோருக்கும் வழி ஒன்றுதான்.

முகவரியை ஆளாக மாற்றுங்கள்

அச்சு நிற்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. நின்ற பிறகு செய்ய முடியாது. தபாலில் போகும் இதழுக்கு வீட்டு எண் போதும். இணைய இதழுக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. அதிலும் நம் வட்டாரத்தில் வீட்டு எண்ணை நம்பவே கூடாது. சந்தாதாரர் ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு துவாரகாவுக்கோ, நொய்டாவுக்கோ, ஸ்ரீரங்கத்துக்கோ போய்விடுகிறார். 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த மறுகட்டுமானத்தில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர் என்று அக்கம்பக்கக் குடியிருப்புகள் இடிபட்டபோது வாசகர்கள் கூட்டமாகச் சிதறினார்கள்.

கடைசி மூன்று அச்சு இதழ்களிலும் ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள்: பெயர், கைபேசி எண், மின்னஞ்சல். க்யூஆர் குறியும் போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஓய்வு பெற்ற செக்‌ஷன் ஆபீசர் ஸ்கேன் செய்ய மாட்டார். போன் போட்டுக் கேட்டால் மின்னஞ்சல் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்வார், கூடவே போன இதழில் இருந்த பிழையையும் சொல்வார். போன் போடுங்கள். வேறு குறுக்குவழி இல்லை.

வாட்ஸ்அப் போதுமே என்பவர்களுக்கு இரண்டு விஷயம். ஒலிபரப்புப் பட்டியல் ஒன்றில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். சேனலில் அந்த வரம்பு இல்லை, ஆனால் அங்கே சேர்ந்தவர்களின் எண்கள் உங்கள் கைக்கு வராது. நாளை அந்த நிறுவனம் விதியை மாற்றினால் உங்கள் வாசகர்கள் அத்தனை பேரும் போனார்கள். மின்னஞ்சல் பட்டியலை உங்கள் கணினியில், உங்கள் கோப்பில் வைத்திருங்கள்.

பதிவுக் காகிதங்கள்

1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டுப் பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்என்ஐ இப்போது இந்தியப் பத்திரிகைத் தலைமைப் பதிவாளர் அலுவலகம். விண்ணப்பமெல்லாம் பிரஸ் சேவா தளத்தில். அச்சை நிறுத்தினால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள், தெரிவியுங்கள். தலைப்பு கையில் இருக்க வேண்டும் என்றால் மாத இதழைக் காலாண்டிதழாக மாற்றக் கேட்டு, கொஞ்சம் படிகளாவது அச்சிட்டு வாருங்கள். நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான்.

ஐஎஸ்எஸ்என் வைத்திருந்தால், அச்சுக்கு வாங்கிய எண் இணையத்துக்குச் செல்லாது. தனி எண் வேண்டும். அதைத் தரும் தேசிய மையம் தில்லியிலேயே, சிஎஸ்ஐஆரின் கீழ் இருக்கிறது.

நடப்புச் செய்தி, அரசியல் அலசல் போடும் இதழ் என்றால் 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளையும் பாருங்கள். புகார் வந்தால் 15 நாளுக்குள் பதில் சொல்ல ஒரு பொறுப்பாளரின் பெயரும் மின்னஞ்சலும் தளத்தில் இருக்க வேண்டும்.

பழைய இதழ்களை மீட்பது

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் போகலாம்.

டிடிபி செய்தவரிடமிருந்து மூலக் கோப்புகளை வாங்குங்கள். பிடிஎஃப் வேண்டாம், பேஜ்மேக்கர் கோப்பும் அதில் பயன்படுத்திய எல்லா ஃபான்ட்டுகளும் வேண்டும். ஃபான்ட் இல்லாத கோப்பு பாதிக் கோப்பு. சீடியில் கொடுத்தால் நேரு பிளேஸில் யுஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி அன்றைக்கே நகலெடுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7. அந்தக் கோப்பை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்கும், அதற்குப் பின் வந்தவை திறக்காது. யாராவது பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடப் போகிறார் என்றால் தடுத்து நிறுத்துங்கள்.

அடுத்தது, எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடிப்பது. யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு ஃபான்ட் நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய இடத்தில் உட்காரவைத்தது. ஒழுங்குபடுத்த 1999 சென்னை மாநாட்டில் டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. இணையக் குழுக்களில் திஸ்கி புழங்கியது. தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது 2010இல். சோதனை எளிது: ஒரு வரியை நோட்பேடில் ஒட்டுங்கள். 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வந்தால் அது பாமினி. மேற்கோள் குறிகளும் ஐரோப்பிய எழுத்துகளுமாக வந்தால் டாப், டாம், திஸ்கி, ஸ்ரீலிபி இவற்றில் ஒன்று. என்ஹெச்எம் கன்வெர்ட்டரிலோ சுரதாவின் பொங்குதமிழிலோ ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள், எதில் தமிழாகிறதோ அதுதான்.

முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் மாற்றுவதுதான் பெரிய தவறு. உடல் எழுத்து ஒரு ஃபான்ட், தலைப்பு இன்னொன்று, கவிதைக்கு மூன்றாவது என்று டிடிபிக்காரர் அலங்காரம் செய்திருப்பார். ஒவ்வொன்றும் வேறு குறியாக்கமாக இருக்கலாம். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களும் தமிழாக மாறிக் குப்பையாகும். ஆகவே ஆர்டிஎஃப் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். அதில் எந்த வரி எந்த ஃபான்ட் என்ற தகவல் தங்கும். ஃபான்ட் வாரியாகப் பிரித்து மாற்றுங்கள். பழைய திஸ்கிக் கோப்பில் 'இ' எழுத்து மட்டும் காணாமல் போனால் பதற வேண்டாம். அது இருந்த 173ஆம் இடத்தை மென்பொருள் மறைவான இணைப்புக்குறி என்று நினைத்து விழுங்கியிருக்கும். வேர்டு வழியாகப் போகாமல் வெற்று உரையாகக் கொண்டுபோனால் பெரும்பாலும் தப்பும்.

மாற்றியதும் திரையில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். இங்கேதான் ஏமாறுவோம். தட்டச்சுப் பழக்கத்தில் வந்தவர்கள் 'ர்' எழுத்துக்கு ரகரத்தை அடிக்காமல் துணைக்காலை அடித்து மேலே புள்ளி வைப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடும்போதுதான் தெரியும்: 'அவர்' என்று தேடினால் 'அவா்' கிடைக்காது. இதைவிட மோசம், முன்னால் கொம்பு இருந்தால் காலும் கொம்பும் சேர்ந்துவிடும். 'தேர்தல்' 'தோ்தல்' ஆகும். 'தெரியும்' 'தொியும்' ஆகும். நல்லவேளை, தமிழில் உயிர்க்குறிக்கு மேல் புள்ளியோ இன்னொரு உயிர்க்குறியோ வரவே வராது. எனவே கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றலாம்: 'ா்' என்பதை 'ர்' என்றும், 'ாி' என்பதை 'ரி' என்றும், 'ோ்' என்பதை 'ேர்' என்றும், 'ொி' என்பதை 'ெரி' என்றும். நெடில் ரீகாரத்துக்கும் இதே மருந்து.

ஔகாரத்தில் மட்டும் கண்ணை மூடாதீர்கள். 'கௌரவம்' என்பதைக் கொம்பும் ளகரமுமாக 'கெளரவம்' என்று அடித்திருப்பார்கள். அதைத் திருத்துகிறேன் என்று கொம்பும் ளகரமும் வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றினால் 'வெள்ளம்' 'வௌ்ளம்' ஆகும், 'தெளிவு' 'தௌிவு' ஆகும், கெளுத்தி மீன் செத்தே போகும். பட்டியல் போட்டுச் சொல் சொல்லாக மாற்றுங்கள்: மௌனம், பௌர்ணமி, கௌரவம், சௌகரியம், வௌவால், பௌத்தம், லௌகிகம், யௌவனம், கௌதமர். சிற்றிதழில் 'மௌனம்' எத்தனை தரம் வருகிறது என்று அப்போதுதான் தெரியும்.

கடைசிச் சோதனைக்கு நம் பேட்டையின் பெயரையே தேடுங்கள். 'லக்ஷ்மி' என்பதில் க்-க்கும் ஷ-வுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக்குறி ஒன்று பல கோப்புகளில் ஒளிந்திருக்கும். அது இருந்தால் லக்ஷ்மிபாய் நகர் பற்றி நீங்கள் போட்ட கட்டுரை பல தேடல்களில் அகப்படாது. நீக்குங்கள். 'ஸ்ரீ'யும் இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள்.

மூலக் கோப்பே இல்லை, காகிதம்தான் இருக்கிறது என்றால் 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து கூகுள் டிரைவிலோ டெசராக்டிலோ எழுத்துணரி மூலம் எடுங்கள். இரண்டு பத்தி அமைப்பில் உள்ள பக்கத்தை அப்படியே கொடுத்தால் இடப்பத்தியும் வலப்பத்தியும் வரிக்கு வரி கலந்துபோகலாம். படத்தை முதலில் நடுவே வெட்டிவிட்டுக் கொடுங்கள். உண்மையைச் சொன்னால், ஃபான்ட் தொலைந்த பேஜ்மேக்கர் கோப்போடு மல்லுக்கட்டுவதைவிட அச்சுப்படியை ஸ்கேன் செய்வது சீக்கிரம் முடியும்.

எந்த வழியில் வந்தாலும் ஒருவர் அச்சுப்படியைப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்க்க, வாய்விட்டு ஒப்புநோக்கியே ஆக வேண்டும். நம் தில்லித் தமிழ்க் கல்விக் கழக (டிடிஇஏ) பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளில் தமிழ் ஆர்வம் உள்ளவர்கள் இதற்கு நன்றாக உதவுவார்கள். காசு கொடுத்துக் கேளுங்கள், சேவை என்று கேட்காதீர்கள்.

எழுதியவர்களின் அனுமதி

சிற்றிதழில் யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை. அப்படியானால் உரிமை எழுதியவரிடம்தான் இருக்கிறது, அவர் மறைந்து 60 ஆண்டு வரை வாரிசுகளிடம். ஒப்பந்தம் இருந்தாலும், அந்தக் காலத்தில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, தனியாகக் குறிப்பிட்டாலொழிய, அது செல்லாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. நாலு வரி மின்னஞ்சல் அனுப்பி, "சம்மதம்" என்ற பதிலை வாங்கிச் சேமித்து வையுங்கள். பதில் வராத படைப்புக்குத் தலைப்பையும் பெயரையும் மட்டும் அட்டவணையில் போடுங்கள்.

இப்போது தளம்

பிடிஎஃப்பை மட்டும் ஏற்றிவிட்டு "டிஜிட்டல் ஆகிவிட்டோம்" என்று சொல்லாதீர்கள். இரண்டு பத்திப் பக்கத்தை மெட்ரோவில் நின்றுகொண்டு கைபேசியில் யாரும் படிக்க மாட்டார்கள். பக்கம் புரளும் ஓசையோடு வரும் அந்தப் புத்தக விளையாட்டும் வேண்டாம். ஒரு கட்டுரைக்கு ஒரு பக்கம், எழுத்தாக. பிடிஎஃப்பை ஓரமாகத் தரவிறக்கத்துக்கு வையுங்கள்.

பக்கத்தின் முகவரியை ரோமன் எழுத்தில் அமையுங்கள். தமிழில் வைத்தால், வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரி நீண்டு, ஏதோ மோசடி இணைப்பு என்று வாசகர் தொடமாட்டார். ஃபான்ட்டுக்கு நோட்டோ செரிஃப் தமிழோ முக்தா மலரோ போதும். இருபுறமும் சீராக ஓரம் கட்டாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். குறுகிய திரையில் சொல்லுக்குச் சொல் பள்ளம் விழும். தனிச் செயலி வேண்டவே வேண்டாம்.

தளத்தின் பெயர் ஆசிரியரின் மின்னஞ்சலில் பதிவாகட்டும். வடிவமைத்துக் கொடுத்த பையன் பெயரில் இருந்தால், அவன் வேலை மாறிப் போன பிறகு புதுப்பிக்க ஆள் இல்லாமல் பெயரே பறிபோகும். பார்த்துவிட்டேன்.

பணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யுபிஐ எண்ணை ஒவ்வொரு கட்டுரையின் கீழும் போடுங்கள். அச்சிட்ட இதழுக்கு ஜிஎஸ்டி கிடையாது, இணையச் சந்தாவுக்கு உண்டு. ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு. அந்தக் கவலை உங்களுக்கு வந்தால் எனக்கு ஒரு கிலோ லட்டு அனுப்புங்கள்.

ஏற்றிய பிறகு ஒரு நகலை இன்டர்நெட் ஆர்க்கைவில் போடுங்கள். அச்சுப்படிகளின் முழுத் தொகுப்பை வீடு காலி செய்யும்போது கபாடிவாலாவிடம் எடை போட்டுவிடாதீர்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ, தமிழ் இணையக் கல்விக்கழகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். நடுவில் சில இதழ்கள் உங்களிடமே இல்லை என்றால் வாசகர்களிடம் கேட்டு அறிவிப்புப் போடுங்கள். அதைக் கடைசி அச்சிதழ் வருவதற்கு முன்பே போடுங்கள், ஏனென்றால் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருப்பவர்கள் அச்சிதழை மட்டும் படிப்பவர்கள்தான்.