நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரைச் சங்கிலி

ஒரு கிண்ணம் நீரில் ஒரு சிட்டிகை சப்ஜா விதையைப் போடுங்கள். கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு விதையையும் சுற்றி வழுவழுப்பான உறை ஒன்று உப்பியிருக்கும். விதையின் மேலுறையிலுள்ள நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் நீரைப் பிடித்துக்கொண்டன என்பதே இதன் பொருள். இதே வேலையைச் செய்யும் ஒரு பொருள் உங்கள் உடலிலும் உண்டு. அதன் பெயர் ஹயலூரானிக் அமிலம்.

1934-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகிய இருவரும் இதனை மாட்டின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்தனர். கண்ணின் பின்னறையை நிரப்பியிருக்கும் தெளிந்த கூழில் இது இருந்தது. கிரேக்க மொழியில் 'ஹயலோஸ்' என்றால் கண்ணாடி. பெயர் வந்த வழி இதுதான்.

இரண்டு வகைச் சர்க்கரை அலகுகள் மாறி மாறி, ஆயிரக்கணக்கில் கோக்கப்பட்ட சங்கிலி இது. இரண்டில் ஒரு வகை அலகு எதிர்மின்னூட்டம் உடையது. ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? அதனால் சங்கிலி சுருண்டு ஒடுங்காமல் விரிந்து நிற்கிறது. அதனை நாடிச் சோடியம் அயனிகள் வருகின்றன. அவற்றோடு நீரும் வந்து தங்குகிறது.

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இது ஏறத்தாழ 15 கிராம் இருக்கும். அதில் பாதி தோலில் உள்ளது. மூட்டுகளில் முட்டை வெண்கரு போன்ற திரவத்தில் கலந்து, நடக்கும்போது மசகாகவும், குதிக்கும்போது அதிர்ச்சி தாங்கியாகவும் உதவுகிறது.

இந்த அமிலம் கலந்த களிம்பு தோலின் ஆழத்துக்குச் சென்று இளமையை மீட்கும் என்று விளம்பரங்கள் சொல்லலாம். அது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. இந்தச் சங்கிலியின் எடையோ பல லட்சங்கள். தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் செங்கல் சுவர்போல் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. மூலக்கூறு எடை 500-க்கு மேற்பட்ட பொருள்கள் அதனைக் கடப்பது அரிது. எனவே களிம்பு பெரும்பாலும் மேலேயே தங்கி, அங்கே ஈரத்தைக் காக்கிறது. வறட்சி சற்றுக் குறைகிறது. முகத்தைக் கழுவினால் அதுவும் போய்விடும். மூட்டுக்குள் இது தேவைப்படும்போது மருத்துவர்கள் ஊசியால் செலுத்துவது இதனால்தான்.

நீங்கள் உண்ணும் சோற்றிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸைக் கொண்டே உங்கள் உடல் இதனை நாள்தோறும் புதிதாகச் செய்துகொள்கிறது. அடுத்தமுறை ஒரு களிம்புக்காகக் காசை எடுக்குமுன், "இந்த மூலக்கூறு எவ்வளவு பெரிது? எந்த வழியாக உள்ளே போகும்?" என்று கேட்டுப் பாருங்கள்.