வராமல் போனவரையும் எண்ணிப் பாருங்கள்

நகராட்சி, பேரூராட்சி அலுவலகங்களில் டெண்டர் கோப்புகளைப் புதிதாகக் கையில் எடுத்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

முப்பது ஆண்டு இந்தக் கோப்புகளோடு கிடந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். யாருக்கு வேலை கொடுப்பது என்று முடிவு செய்வதுதான் நம் வேலை என்று நினைத்தே நானும் வந்தேன். தகுதியுள்ள எல்லோருக்கும் கதவைத் திறந்து வைப்பதே முதல் வேலை என்று புரியப் பத்து ஆண்டு ஆயிற்று. அந்தப் பத்து ஆண்டு உங்களுக்காவது மிச்சமாகட்டும்.

1. சட்டத்தை நீங்களே படியுங்கள். தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. விதிகள் 2000-இல் வந்தன. "இப்படித்தான் வழக்கம்" என்று பழையவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு விதியைப் புரட்டிப் பாருங்கள். தணிக்கை வரும்போது வழக்கம் உங்கள் பக்கத்தில் வந்து நிற்காது.

2. மதிப்பீடு மேசையில் பிறக்கக் கூடாது. வடிகால் என்றால் தெருவில் இறங்கி நடந்து பாருங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அங்கே குடியிருப்பவர்களைக் கேளுங்கள். மதிப்பீடு தப்பானால், அதன்மேல் வரும் எல்லா விலையும் தப்பாகத்தான் இருக்கும்.

3. நிபந்தனை எழுதும்போது கை நடுங்க வேண்டும். ஒரு முறை தெருவிளக்குக் கொள்முதலுக்கு நான் எழுதிய விவரக்குறிப்பில் விளக்குக் கூட்டின் வடிவம், மூடியின் கொக்கி வரை இருந்தது. மேலே இருந்து வந்த ஒரு தாளை அப்படியே பார்த்து எழுதினேன். அது ஒரே ஒரு தயாரிப்பின் விளம்பரத் தாள் என்று பின்னால்தான் தெரிந்தது. மூன்று பேர் விலை கொடுத்தார்கள். மூவரும் அதே பொருளை விற்பவர்கள். எவ்வளவு வெளிச்சம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று மட்டும் எழுதியிருந்தால் இன்னும் பலர் வந்திருப்பார்கள். பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். யாருடைய பொருள் என்று உங்கள் எழுத்து காட்டிக்கொடுக்க வேண்டாம். வேலைக்குத் தேவையில்லாத அனுபவமும் ஆண்டு வருமானமும் கேட்பதும் இதே தவறுதான்.

4. நாளைத் திருடாதீர்கள். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைப்பதென்றால் மேல் அதிகாரி காரணம் எழுதித்தான் குறைக்க முடியும். இரண்டரைக் கோடி சாலையை இரண்டாக உடைத்தால் 15 நாள் போதுமே என்று யாராவது சொல்வார்கள். உடன்படாதீர்கள். அப்படிக் குறைந்துபோகும் 15 நாள்தான், வெளியூர்க்காரர் வந்து இடத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் நாள்.

5. கோப்பு சரியாக இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பெட்டியில் உறை போட்ட காலத்தில் ஒரு நாள் எங்கள் அலுவலக வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பக்கத்து ஊர் ஒப்பந்ததாரர் ஒருவர் உறையோடு பேருந்திலிருந்து இறங்கி, எதிரே டீக்கடை வரை வந்தார். வாசலில் நின்றவர்களில் இருவர் போய் ஏதோ பேசினார்கள். அடுத்த பேருந்தில் திரும்பிப் போய்விட்டார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். அறிவிப்பு, அரக்கு முத்திரை, கையெழுத்து எல்லாம் கோப்பில் பழுதில்லாமல் இருந்தன. அந்த மனிதர் மட்டும் அதில் இல்லை. இன்று இணையவழி டெண்டர் வந்து வாசலில் நிற்பவர்களுக்கு வேலையில்லாமல் செய்திருக்கிறது. ஆனால் முன்கூட்டியே கூடிப் பேசி விலை போடுவதை எந்தக் கணினியும் தானாகத் தடுக்காது. விலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்; ஒரே கை போட்ட கணக்கு தெரியும்.

6. குறைந்த விலையை ஒழுங்காகக் கையாளுங்கள். விலை குறைக்கச் சொல்லிப் பேசுவதென்றால் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டுமே பேசலாம். இரண்டாமவரைக் கூப்பிட்டுப் பேரம் பேசுவது குற்றம் என்றே நினையுங்கள். மதிப்பீட்டைவிட மிகவும் குறைத்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். எதில் குறைப்பார் என்று கேளுங்கள், பெரும்பாலும் சிமெண்டில்தான்.

7. தோற்றவருக்கும் பதில் சொல்லுங்கள். முடிவில் குறையிருந்தால் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்ய அவருக்கு உரிமை உண்டு. காரணத்தைத் தெளிவாக எழுதித் தாருங்கள். நியாயமாகத் தோற்றோம் என்று நம்புகிறவர்தான் அடுத்த முறையும் வருவார்.

8. பணியாணையோடு கோப்பைக் கட்டிவிடாதீர்கள். அளவுப் புத்தகமான எம்.புக்கில் அளவு ஏறும் நாளில் டேப்பின் ஒரு முனை நம் ஆள் கையில் இருக்கட்டும். ஆறு அங்குலம் கான்கிரீட் என்று விலை வாங்கி, நான்கு அங்குலம் மட்டும் போட்டு ஆறு அங்குலத்துக்குப் பில் போட விட்டால், ஆறு அங்குலத்துக்கு நேர்மையாகக் கணக்குப் போட்டுத் தோற்றவரை நாமே ஏமாற்றியவர்களாவோம்.

டீக்கடையிலிருந்து திரும்பிப் போனவரின் பெயர் எனக்குத் தெரியாது. அவர் கையில் இருந்த உறையில் என்ன விலை இருந்தது என்பதும் தெரியாது. அது தெரிந்திருக்க வேண்டியது எங்கள் ஊருக்கு. உங்கள் ஊருக்கு அது தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.