கிராம சபையில் எழும் குரல்

ஒடிசா மாநிலத்தின் ராயகடா, களாஹாண்டி மாவட்டங்களில் நியமகிரி என்னும் மலைத்தொடர் உள்ளது. அங்கு வாழும் டோங்கிரியா கோண்டு பழங்குடியினர் அம்மலையை நியமராஜா என்னும் தெய்வத்தின் இருப்பிடமாகப் போற்றுகின்றனர். அலுமினியம் செய்யப் பயன்படும் பாக்சைட் தாது அம்மலையின் உச்சியில் மிகுதியாகக் கிடைக்கிறது. அதனை வெட்டியெடுக்கத் திட்டம் வகுக்கப்பட்டது. மக்கள் எதிர்த்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

2013 ஏப்ரல் 18 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பு பலரையும் வியக்க வைத்தது. சுரங்கம் மக்களின் வழிபாட்டு உரிமையைப் பாதிக்குமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்து கூற வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், மழைக்காலத்தின் நடுவே, 12 ஊர்களில் சபை கூடியது. மாவட்ட நீதிபதிகள் பார்வையாளராக அமர்ந்திருந்தனர். ஊர்மக்கள் ஒவ்வொருவராக எழுந்து தம் தாய்மொழியிலேயே பேசினர். பெண்களும் பேசினர், முதியோரும் பேசினர். எழுத்தறியாதோர் சொல்லும் ஏட்டில் ஏறியது. 12 சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் நடுவண் சுற்றுச்சூழல் அமைச்சகம் அத்திட்டத்திற்கு அனுமதி மறுத்தது.

அச்சபைகளுக்கு அத்துணை வலிமை தந்தது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். எல்லா ஊர்ச் சபைகளுக்கும் அதே அளவு அதிகாரம் இல்லை. எனினும் கிராம சபை என்னும் அமைப்பு நாடெங்கும் உள்ளது. அரசமைப்புச் சட்டத்தின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர் என்கிறது அது. உறுப்பினர் என்னும் சொல்லைக் கருதிப் பார்க்க வேண்டும். சபைக்கு வருவோர் வேடிக்கை பார்ப்போர் அல்லர். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கவும் குடிநீர், சாலை, விளக்கு பற்றி வினவவும் உரிமையுடையோர்.

தமிழ்நாட்டில் குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகியவற்றில் கிராம சபை கூடுவது நெடுநாளைய வழக்கம். பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்க்கப்பட்டன. சபை செல்லுபடியாகக் குறைவெண் வரம்பு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000க்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேரும் வந்திருக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு உடனே வீடு திரும்புவோரும் பல ஊர்களில் உண்டு. அவர்கள் வந்தவராகக் கணக்கில் சேர்வர், பேசியவராகச் சேரார்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு சிக்கல் உள்ளது. கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் குடும்பம் ஒன்று மே நாளன்று சபைக்குப் போகலாம். அங்கே பாட்டிக்குப் பேசும் உரிமை உண்டு. தம் பெயரைத் தில்லி வாக்காளர் பட்டியலுக்கு மாற்றிக்கொண்ட தந்தை, தாம் பிறந்த ஊரின் சபையில் உறுப்பினர் அல்லர். தில்லியிலோ கிராம சபை போன்றதோர் அவை அவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. மாநகராட்சி மன்றத்தில் பொதுவாக உறுப்பினர்களே பேசுவர். 3 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டும் என 74ஆம் திருத்தம் கூறினாலும், அக்குழுக்களில் குடிமக்களுக்கு இடமளிப்பது அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது.

பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு வாக்கு இல்லை. ஆயினும் கர்நாடகத்தில் சிறுவர்க்கென்றே தனிக் கிராம சபைகள் நடத்தப்படுகின்றன. பள்ளிக் கழிப்பறை, பேருந்து வசதி, விளையாடும் இடம் முதலியவை பற்றி அங்கே மாணவர்கள் ஊராட்சித் தலைவரிடம் நேரில் கேட்கின்றனர்.

சொற்பொருள்
தாது – உலோகம் கலந்த மண் அல்லது பாறை
நடுவண் – மத்திய
குறைவெண் வரம்பு – கூட்டம் நடத்தத் தேவையான குறைந்த அளவு உறுப்பினர் எண்ணிக்கை

சிந்தித்து எழுதுக
1. நியமகிரி மக்கள் தம் தாய்மொழியில் பேசியது ஏன் இன்றியமையாதது?
2. உன் பெற்றோரின் பெயர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் உள்ளது? கேட்டறிந்து எழுதுக.
3. நீ வாழும் பகுதியின் குறை ஒன்றைச் சபையில் எடுத்துரைப்பதுபோல் ஐந்து தொடர்களில் எழுதுக.