மூக்கை நம்பி இறங்காதீர்கள்

2019 மார்ச்சில், ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரே செப்டிக் டேங்கில் ஆறு பேர் இறந்தார்கள். ஒருவரைத் தூக்கப் போய் அடுத்தவர், அவரைத் தூக்கப் போய் இன்னொருவர். அதன் பிறகும் மூடியைத் திறந்ததும் நாம் நம்புவது மூக்கையும் கற்பூரச் சுடரையும்தான்.

“நாற்றம் இல்லையென்றால் வாயு இல்லை” என்கிறோம். காஞ்சிபுரத்து மஞ்சள்நீர்க் கால்வாய் ஓரம் பழகிப்போன அழுகிய முட்டை வீச்சம் ஹைட்ரஜன் சல்பைடுடையது. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கை அது எட்டினால் முகரும் நரம்பே மரத்துவிடும். வீச்சம் நின்றதுபோல் இருக்கும், வாயுவோ கூடியிருக்கும். 500ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. மீத்தேனுக்கு வாசனையே கிடையாது.

“விளக்கை இறக்கிப் பார், அணையாவிட்டால் இறங்கலாம்.” இது கிணறு தூர்வாரிய காலத்துப் பழக்கம். அடியில் கரியமில வாயு தேங்கியிருந்தால் சுடர் அணையும் என்பது மெய்தான். அந்தப் பாதி உண்மைதான் நம்பிக்கையைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. ஆளைச் சாய்க்கும் அளவு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் சுடர் எரிந்துகொண்டிருக்கும். மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு கலந்திருந்தால் அந்தச் சுடரே வெடிக்கவைக்கும்.

“லேசர் கருவி வந்துவிட்டது, எல்லாவற்றையும் காட்டிவிடும்” என்பது புதிய நம்பிக்கை. 1994இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த குவாண்டம் கேஸ்கேட் லேசர், கண்ணுக்குத் தெரியாத நடு அகச்சிவப்புக் கதிரைத் தருகிறது. பல வாயுக்களின் மூலக்கூறுகள் தத்தமக்குரிய அலைநீளத்தை விழுங்கும்: மீத்தேன் 3.3 மைக்ரோமீட்டர், கார்பன் மோனாக்சைடு 4.6, அம்மோனியா 10க்கு அருகில். கதிர் எவ்வளவு மங்கியது என்பதைக் கொண்டு, நூறு கோடியில் சில பங்கு வாயுவைக்கூட அளந்துவிடலாம். கதிரால் வாயு தீப்பற்றும் என்ற பயமும் வேண்டாம்; இக்கருவிகளின் திறன் பெரும்பாலும் மில்லிவாட் கணக்குதான். ஆனால் ஆக்சிஜன் இந்தக் கதிரை விழுங்குவதில்லை. ஹைட்ரஜன் சல்பைடு விழுங்குவதோ மிகக் குறைவு. தொட்டிக்குள் பெரும்பாலும் கொல்பவை ஆக்சிஜன் குறைவும் ஹைட்ரஜன் சல்பைடும்தான். எரிவாயுக் குழாய்க் கசிவுக்கும் குப்பைமேட்டு மீத்தேனுக்கும் லேசர் அருமையான கருவி. தொட்டிக்கு அது மட்டும் போதாது.

தொட்டிக்கு வேண்டியது ஆக்சிஜன், எரியும் வாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு நான்கையும் ஒருசேர அளக்கும் கையடக்க மீட்டர். மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். பாதுகாப்புக் கவசமின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; இயந்திரம் இருக்கும்போது இறக்கத் தேவையும் இல்லை. உள்ளே ஒருவர் மயங்கினால் மூச்சுக்கருவி இல்லாமல் எவரும் பின்தொடரக் கூடாது. தீயணைப்புத் துறையை 101இல் அழையுங்கள்.