மீட்டரைத் திட்டாதீங்க, கேபிளைப் பாருங்க!

கூரத்திலிருந்து காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் உங்க பழைய அம்பாசடரிலோ மாருதி 800-லோ ஸ்பீடோமீட்டர் முள் இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவே கும்மி அடிக்கிறதா? உடனே "அக்கா, மீட்டர் போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று என்னிடம் வந்து நிற்காதீங்க. பெரும்பாலும் மீட்டர் நன்றாகத்தான் இருக்கும். கேபிள்தான் காய்ந்திருக்கும். அதற்கு ஒரு விரல் கிரீஸும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையும் போதும்.

சங்கதி இதுதான். கியர்பாக்ஸிலிருந்து ஒரு முறுக்குக் கம்பி, உறைக்குள் சுழன்றபடியே மீட்டருக்கு வருகிறது. அங்கே ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தம் பக்கத்திலுள்ள அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். மெல்லிய சுருள் கம்பி அதைப் பிடித்து நிறுத்தும். கிண்ணத்தோடு சேர்ந்து முள் நகரும். 1902-ல் ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்சே காப்புரிமை வாங்கிய உத்தி இது. காய்ந்த ராட்டினத்தில் குடம் வெட்டி வெட்டி மேலே வருமே, அதுபோலத்தான் காய்ந்த கேபிளும். சிக்கி முறுக்கேறும், சட்டென்று விடுபடும். முள் குதிக்கும்.

முதலில் எங்கே கோளாறு என்று பாருங்க

• மெதுவாகப் போகும்போது முள் ஆடி, வேகம் எடுத்ததும் அடங்குகிறதா? காய்ந்த கேபிள்.

• டேஷ்போர்டுக்குள் கீச்சுக் கீச்சு என்கிறதா? அதுவும் கேபிள்தான். கூரத்தில் வாழ்ந்த வைணவ ஆச்சாரியர் கூரத்தாழ்வானின் வீட்டுக் கதவு சாத்தும் சத்தம் காஞ்சி வரதர் கோயில் வரை கேட்டதாகச் சொல்வார்கள். உங்க கேபிள் சத்தமும் அங்கே கேட்கும்வரை காத்திருக்காதீங்க.

• முள் படுத்துவிட்டது, கிலோமீட்டர் எண் மட்டும் ஓடுகிறதா? கேபிள் சுற்றுகிறது, மீட்டருக்குள்தான் பழுது. மீட்டர் ரிப்பேர்க்காரரிடம் கொடுங்க.

• இரண்டுமே நின்றுவிட்டதா? கம்பி அறுந்திருக்கும், இல்லையென்றால் கியர்பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

• கேபிளே இல்லாத வண்டியா? சென்சாரையும் அதன் பிளக்கையும் பாருங்க. வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்துகிற வண்டி என்றால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்க.

இனி வேலை

1. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றுங்க. மீட்டருக்குப் பின்னால் கை விட்டுத் தடவும்போது ஒயர் உரசினால் ஃபியூஸ் போகும்.

2. எதையும் பிரிக்கும் முன் கேபிளின் இரண்டு முனைகளும் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்க. திருகு தளர்ந்திருந்தாலே முள் ஆடும். பலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

3. கேபிள் போகும் வழியைப் பாருங்க. மடக்கென்று மடங்கியிருக்கக் கூடாது. வளைவு பெரிய சாப்பாட்டுத் தட்டின் ஓரம் மாதிரி அகலமாக இருக்கணும். சைலன்சர் சூட்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

4. மீட்டர் பக்க முனையைக் கழற்றி உள்கம்பியை உருவுங்க. வரவில்லை என்றால் இழுத்து மல்லுக்கட்டாதீங்க, கேபிளை முழுசாகவே கழற்றிவிடுங்க. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கம்பியைத் துடையுங்க. துணியில் இழை சிக்கினால் கம்பி பிரிந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு தரையில் நீட்டி வைத்து விரலால் உருட்டுங்க. ஒரு இடத்தில் துள்ளினால் அங்கே மடிந்திருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் புதுக் கேபிள் வாங்குங்க. நிமிர்த்திப் பயன்படுத்தலாம் என்ற சிக்கனம் ஒரு மாதம்கூட நிற்காது.

5. கிரீஸை மெல்லிசாகத் தடவுங்க, அப்பாதீங்க. மீட்டர் பக்கம் கடைசி 20 சென்டிமீட்டரைத் துடைத்து வெறுமையாக விடணும். கம்பி சுற்றச் சுற்ற கிரீஸ் தானாக மேலே ஏறும்.

6. கம்பியைத் திருகியபடியே உள்ளே விடுங்க. சதுர முனை கியர்பாக்ஸ் பக்கத்தில் 'டக்'கென்று உட்காரும். மேல் திருகு முழுசாக இறங்கவில்லை என்றால் கம்பி சரியாக உட்காரவில்லை. பிளையரால் முறுக்காமல் மறுபடி கழற்றிப் போடுங்க.

7. மூடும் முன் ஒரு சோதனை. மீட்டர் முனையை மாட்டாமல், கியரை நியூட்ரலில் போட்டு, ஒருவர் வண்டியைத் தள்ளட்டும். கம்பி முனை ஒரே சீராகச் சுற்றினால் வெற்றி.

இதையெல்லாம் செய்யவே கூடாது

• இன்ஜின் ஆயிலை ஊற்றாதீங்க. நான் ஊற்றினேன். ஒரு வாரத்தில் எண்ணெய் மீட்டருக்குள் ஏறி, கண்ணாடியெல்லாம் கறை, முள் எண்பதில் ஒட்டிக்கொண்டது. காய்ந்த கேபிளைக் கிரீஸ் போட்டுக் காப்பாற்றலாம், எண்ணெய் குடித்த மீட்டரைக் காப்பாற்றுவது கஷ்டம்.

• நீங்க ஊற்றாமலே கேபிளில் எண்ணெய் வழிகிறதா? கியர்பாக்ஸ் பக்க ஆயில் சீல் போயிருக்கிறது. அதை மாற்றாமல் கேபிள் மாற்றுவது தண்டச் செலவு.

• முள்ளைப் பிடுங்கி நேராக்காதீங்க. கணக்கே தப்பிவிடும்.

• ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீங்க. ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்க. இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

"வேகம் எனக்குக் குத்துமதிப்பாத் தெரியும்" என்று சொல்லாதீங்க. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-வது விதியே ஸ்பீடோமீட்டருக்காகத்தான் இருக்கிறது. சொந்த காருக்கு 15 வருஷம் முடிந்தால் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டணும். அன்று காலையில் கேபிளைத் தேடி ஓடாதீங்க. இந்த ஞாயிற்றுக்கிழமையே பானெட்டைத் திறங்க.