மூக்குக்குள்ள குச்சி விடுறது ஏன்?

இருமல், தொண்டை வலி, உடம்பு வலி என்றால் அது ஃப்ளூவா, கொரோனாவா, சாதாரண சளியா? பார்த்தவுடனே டாக்டராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். லேப்பில்தான் தெரியும்.

1933-ல் லண்டனில் காய்ச்சல்காரர்கள் தொண்டை கொப்பளித்த தண்ணீரை ஃபெரெட் என்ற பிராணியின் மூக்கில் விட்டார்கள். அது பார்க்க கீரி மாதிரி இருக்கும். அதற்கும் ஃப்ளூ வந்தது. அது வில்சன் ஸ்மித் என்ற விஞ்ஞானி மேலேயே தும்மி, அவரும் படுத்துவிட்டார்! பிறகு கோழி முட்டைக்குள் வைரஸை வளர்த்துப் பார்த்தார்கள். அதற்கு நாள் கணக்காகும்.

இப்போது பி.சி.ஆர். இதை 1983-ல் கண்டுபிடித்த கேரி முல்லிஸுக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது. குச்சியில் ஒட்டும் வைரஸ் ரொம்பக் கொஞ்சம். அதன் ஆர்.என்.ஏ.வை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றுவார்கள். மெஷினில் சுமார் 95 டிகிரி சூடாக்கினால் இரண்டு இழையும் பிரியும். சூட்டைக் குறைத்தால் ஒவ்வொரு இழைக்கும் ஒரு ஜோடி உருவாகும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். 10 சுற்றில் 1,024. 30 சுற்றில் 107 கோடி! (நான் நோட்டில் பெருக்கிப் பார்த்தேன், ஒரு பக்கம் ஆச்சு.) பெருகப் பெருக ஒளி வரும், மெஷின் அதைக் கண்டுபிடிக்கும். தேடுகிற வைரஸுக்குப் பொருந்தும் துண்டுகளை மட்டும் போடுவதால் வேற வைரஸ் பெருகாது.

ஆனால் சைபரை எத்தனை தடவை பெருக்கினாலும் சைபர்தான்.

2021-ல் எங்க அப்பாவுக்குக் கொரோனா. எனக்கும் இருமல். நர்ஸ் அக்கா குச்சியை விட்டதும் வெடுக்கென்று தலையை இழுத்துக்கிட்டேன். மூக்கு ஓரத்தில்தான் பட்டது. அழுததால் அவங்களும் விட்டுட்டாங்க. நெகட்டிவ் என்று வந்தது. எல்லாருக்கும் நிம்மதி. அன்றைக்கு ராத்திரியிலிருந்து அப்பத்தா பக்கத்தில்தான் படுத்தேன். ஆறாம் நாள் அப்பத்தாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்து வந்துட்டாங்க. என்கிட்ட இருந்துதான் ஒட்டியதா என்று இனிமேல் எந்த லேப்பாலும் சொல்ல முடியாது.

மூக்கும் தொண்டையும் சேரும் இடத்தில்தான் இந்த வைரஸ் நிறையப் பெருகும். குச்சி அதுவரை போய், சில நொடி அங்கேயே சுற்றினால்தான் ஒட்டும். நாளும் முக்கியம். தொற்றிய மறுநாளே எடுத்தால் பெருகியிருக்காது, ரொம்ப நாள் கழித்து எடுத்தால் குறைந்திருக்கும். எடுத்த குச்சியை மருந்துத் தண்ணீரில் போட்டு ஐஸ் பெட்டியில் அனுப்பணும், இல்லையென்றால் கெட்டுவிடும். அதனால் நெகட்டிவ் என்றால் அந்தக் குச்சியில் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். காய்ச்சல் நிற்கவில்லை என்றால் மறுபடி எடுப்பார்கள். அதுவரை தள்ளித்தான் படுக்கணும்.

போன மழைக்காலத்தில் எனக்கு மறுபடி குச்சி விட்டாங்க. கண்ணில் தண்ணீர் வந்தது. தலையை ஆட்டவே இல்லை. பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி